கண்ட அளவை எழுதுவது: பொறியியல் மாணவர்களுக்குத் தொழில்நெறியை எங்கே தொடங்கிக் கற்பிப்பது?

எல்லையோர ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேன்பதி பக்கத்திலிருந்து வருகிற, வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள். மறுபாதிப் பேர் மலையாளம் பேசுகிறவர்கள். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019 பாடத்திட்டத்தில் தொழில்நெறி எல்லாப் பிரிவினருக்கும் பொதுவான பாடமாக, வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக வைக்கப்பட்டது. அதை எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

சென்ற மாதம் ஆய்வகத்தில் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. எம்20 தரக் கான்கிரீட்டில் வார்த்து 28 நாள் தண்ணீரில் ஊறிய மூன்று கியூப்களை (கனசதுர மாதிரிகளை), வலிமையைச் சோதிப்பதற்காக மாணவர்கள் இயந்திரத்தில் அழுத்தி உடைத்துக்கொண்டிருந்தார்கள். 150 மில்லிமீட்டர் கியூப்; அழுத்தம் படும் பரப்பு 22,500 சதுர மில்லிமீட்டர். முதல் கியூப் 540 கிலோ நியூட்டனில் உடைந்தது, இரண்டாவது 562இல். மூன்றாவது உடைந்த பிறகு நான் அருகில் போனேன். எங்கள் இயந்திரம் பழையது. கியூப் உடைந்ததும் கறுப்பு முள் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும், சிவப்பு முள் மட்டும் உச்ச அளவிலேயே நிற்கும். சிவப்பு முள் 415இல் நின்றிருந்தது. மாணவரின் நோட்டில் 515 என்று எழுதியிருந்தது.

கேட்டேன். மறைக்காமல் சொன்னார். 415 என்று எழுதினால் அந்தக் கியூபின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 18.4 நியூட்டன் என்று வரும். மூன்றின் சராசரி 22.5, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456இன்படி எந்தக் கியூபும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. இது ஏறத்தாழ 18 விழுக்காடு விலகுகிறது. ஆகவே மாதிரியே செல்லாது, மறுபடி வார்த்து மறுபடி 28 நாள் காத்திருக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துக் கிடைக்காது. இத்தனையையும் அவர் மனக்கணக்காகவே போட்டிருந்தார். விதி தெரியாததால் வந்த பிழை அன்று இது. விதி நன்றாகத் தெரிந்ததால்தான் எந்த எண்ணை எழுதினால் தப்பிக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதே வாரம் நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் 'நேர்மை என்றால் என்ன' என்ற கேள்விக்கு அவர் முழு மதிப்பெண் வாங்கியிருந்தார். விடைத்தாளைத் திருத்தியவன் நான்.

என் பங்கையும் சொல்லியாக வேண்டும். முடிவு 'சரியாக' வராத ரெக்கார்டுக்கு மதிப்பெண் குறைப்பது எங்கள் ஆய்வகத்தில் நெடுங்கால வழக்கம், நானும் அப்படித்தான் குறைத்து வந்திருக்கிறேன். மூன்று ஆண்டுகள் ஆய்வகத்தில் எண்ணை மாற்றி எழுதப் பழக்கிவிட்டு, வாரத்தில் இரண்டு மணி நேரம் வாய்மையைப் பற்றிப் பேசினால் அது எப்படி ஒட்டும்? தொழில்நெறியை வகுப்பறையில் தொடங்குவதே தவறோ என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

---

கோவைப் பேராசிரியை

ஐயா, நீங்கள் எழுதியது எங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் விருப்பப் பாடமாக இருந்த தொழில்நெறிப் பாடத்தைப் பல முறை எடுத்திருக்கிறேன். உளவியலாளர் கோல்பெர்க்கின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகள், அதற்குக் கில்லிகன் சொன்ன மறுப்பு, சமூகப் பரிசோதனையாகப் பொறியியல், பாதுகாப்பும் இடரும், போபால், செர்னோபில், சேலஞ்சர் விண்கல விபத்துகள் என்று அலகு அலகாக ஓடும். இரண்டு மதிப்பெண் வினா விடைகளை மாணவர்கள் முந்தின இரவில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

இதைவிட வேதனையான ஒன்றும் உண்டு. இந்தியா 2014 ஜூனில், பொறியியல் பட்டங்களின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பு நாடானபோது, பட்டதாரிக்கு இருக்க வேண்டிய 12 பண்புகளில் எட்டாவதாக நெறிமுறை இடம்பெற்றிருந்தது. அங்கீகாரக் குழு வருவதற்கு முன் ஒவ்வொரு பாடமும் எந்தப் பண்பை எவ்வளவு வளர்க்கிறது என்று அதற்கு நேராக 1, 2, 3 என எண் போட்டு அட்டவணை தயாரிக்கிறோம். நெறிமுறை என்ற பத்தியில் 3 என்று எழுதும்போது அந்த 3 எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் நம்மைக் கேட்டுக்கொள்கிறோம்? மாணவர் 415ஐ 515 ஆக்கியதற்கும் இதற்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் ஒன்றில் உங்களோடு மாறுபடுகிறேன். வகுப்பறைப் பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நாம் அந்த நிகழ்வுகளை விபத்துக் கதைகளாகச் சொல்வதுதான் கோளாறு. போபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு வாயு கசிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்து அழிக்க வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாயின் ஒரு துண்டு பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கலம் இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பணிமுறையில் ஒருவர் எடுத்த முடிவு. 'அன்றைய பதிவேட்டில் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள், யாருக்கு நகல் அனுப்பியிருப்பீர்கள்' என்று கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். 'தீமைகளை விளக்குக' என்ற கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்த ஒரு பக்கத்துக்குப் பேனாவை வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திணறலில்தான் பாடம் தொடங்குகிறது என்பது என் நம்பிக்கை.

---

கொச்சிப் பணித்தளம்

நான் வாளையாற்றுக்காரன். ஒன்பது ஆண்டுகளாகக் கொச்சியில் பணித்தளப் பொறியாளராக இருக்கிறேன். இரண்டு ஆசிரியர்களையும் மதிக்கிறேன். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்விக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு முதல் வேலையில் நிற்கிற இருபத்திரண்டு வயதுப் பையனிடம், கம்பி இடைவெளி 150 மில்லிமீட்டர் என்று வரைபடத்தில் இருக்க, 200 வைத்துக் கட்டிவிட்டு 'நாளைக்குக் காலையில் கான்கிரீட், செக்லிஸ்டில் கையெழுத்துப் போடு' என்று மேலாளர் சொன்னால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? வழக்குரைஞருக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கட்டடக் கலைஞருக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பொறியாளருக்கு அப்படி நாடு தழுவிய பதிவோ உரிமமோ இல்லை. இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் ஒரு நெறிமுறைத் தொகுப்பை வைத்திருக்கிறது. ஆனால் உறுப்பினர் ஆகாமலேயே வாழ்நாள் முழுவதும் பொறியாளராக வேலை பார்க்கலாம். தவறு செய்தவனின் உரிமத்தைப் பறிக்கவும் வழியில்லை, 'என் உரிமம் போய்விடும், நான் கையெழுத்திட மாட்டேன்' என்று நேர்மையானவன் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. இந்த இரண்டாவது இழப்புதான் பெரியது என்பேன்.

சத்யேந்திர துபே என்ற பொறியாளரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லுங்கள். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பற்றி, தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 2002இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பெயரோடு கைமாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2014இல்தான் தகவல் தருவோரைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதுவும் இயற்றப்பட்டதோடு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது.

இங்கே பாலாரிவட்டம் மேம்பாலத்தின் வழியாகத்தான் நான் தினமும் போகிறேன். 2016 அக்டோபரில் திறந்தார்கள். உத்தரங்களிலும் தூண் தலைப்புகளிலும் விரிசல் கண்டு 2019 மே மாதம் மூடினார்கள். எடை ஏற்றிச் சோதித்துப் பார்ப்பதா, பிரித்துக் கட்டுவதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் பிரித்துக் கட்ட அனுமதி கிடைத்து, 2021 மார்ச்சில் மறுபடி திறந்தது. வழக்கைப் பற்றி நான் பேசவில்லை. அந்த விரிசல்களைப் பார்க்கும்போதெல்லாம், வேலை நடந்த காலத்தில் அங்கே நின்ற இளம் பொறியாளர்களில் ஒருவருக்காவது மனம் உறுத்தியிருக்கும், அவர் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

---

தரக்கட்டுப்பாடு, கஞ்சிக்கோடு

கொச்சிச் சகோதரர் கேட்ட 'எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்' என்ற கேள்விக்கு என்னால் இயன்ற பதில்: காகிதத்தை.

நான் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறேன். பெண்கள் குறைவாக இருக்கும் வேலை. சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு தளத்துக்கு வண்டியோடு போயிருந்தேன். போக்குவரத்து நெரிசலில் வண்டி தாமதமாகிக் கலவை இறுகத் தொடங்கியிருந்தது. கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து வீதம் குத்தித் தூக்கினேன். கலவை மிகக் குறைவாகவே சரிந்தது. பம்ப் இழுக்காது என்று தளத்து ஃபோர்மேன் டிரம்மில் குழாயை விட்டுத் தண்ணீர் திறந்துவிட்டார். நான் நிறுத்தச் சொன்னேன். 'ஏம்மா, பத்து வருஷமாக இப்படித்தான் ஊற்றுகிறோம், ஒரு வீடாவது இடிந்திருக்கிறதா' என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நீர்-சிமென்ட் விகிதம் கூடினால் வலிமை குறையும் என்று கல்லூரிப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஐம்பது வயது மனிதர் ஒருவர் பத்துப் பேருக்கு நடுவில் அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாய் அடைத்துப்போயிற்று.

பிறகு கைநடுக்கத்தோடு ஒன்று செய்தேன். டெலிவரி சலானில் நேரத்தையும் ஸ்லம்ப் அளவையும் எழுதி, 'தளத்தில் தண்ணீர் சேர்க்கப்பட்டது. இனி இந்தக் கலவையின் வலிமைக்கு ஆலை பொறுப்பாகாது' என்று ஒரு வரி சேர்த்து, ஃபோர்மேனிடம் நீட்டி, 'அண்ணா, இதில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், ஊற்றிக்கொள்ளுங்கள்' என்றேன். அவர் அதைப் படித்தார். குழாயை மூடினார். தன் மேலாளருக்குப் போன் செய்தார். அரை மணி நேரத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வண்டி கேட்டார்கள்.

எல்லா நாளும் இப்படி முடியவில்லை என்பதையும் சொல்கிறேன். ஒரு முறை சலானைக் கிழித்துப் போட்டார்கள். ஆனால் அன்று நான் கற்றது இது: மறுப்பதற்கு ஒரு மொழி இருக்கிறது. கோபப்படாமல், யாரையும் திருடன் என்று சொல்லாமல், கண்டதை எழுதி நேரம் குறித்துக் கையெழுத்துக் கேட்கும் மொழி அது. அதை ஏன் கல்லூரியில் பழக்கக் கூடாது? ஒரு மாணவர் ஃபோர்மேனாக நிற்கட்டும், ஒருவர் மேலாளராக நிற்கட்டும், மூன்றாமவர் மறுக்கப் பழகட்டும். மாணவிகளை முதலில் நிறுத்துங்கள். அவர்களுக்குத்தான் தளத்தில் இது அதிகம் தேவைப்படும்.

---

எல்லையோர ஆசிரியர்

அம்மா, உங்கள் சலான் வரியைப் பலகையில் எழுதிப்போட அனுமதி வேண்டும். ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் இடிந்ததைப் பாடமாக எடுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் நகரத்தில் 114 பேர் இறந்த அந்த நிகழ்வில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு நடைபாலங்களையும் மேலிருந்து ஒரே கம்பி தாங்க வேண்டும் என்றிருந்த அமைப்பு இரண்டு தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டது. அதனால் மேல் நடைபாலத்து இணைப்பின் மீது சுமை இரு மடங்கானது. தொலைபேசியில் ஒப்புதல் கேட்டோம் என்றார்கள் செய்து கொடுத்தவர்கள், அப்படி எதுவும் பேசவில்லை என்றார்கள் பொறியாளர்கள். வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை மட்டும் இருந்தது. பேசியது காற்றோடு போய்விட்டது, முத்திரை நின்றது.

---

ஓய்வுபெற்ற உதவிச் செயற்பொறியாளர், பொள்ளாச்சி

ஆசிரியர் தம்பிக்கு வணக்கம். தலைப்பில் 'கண்ட அளவை எழுதுவது' என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். முப்பது ஆண்டுக்கு மேல் நான் செய்த வேலை அதுதான்.

உங்கள் ஊர் வயலுக்கு வரும் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரைச் சித்தூர்ப் பாசனத்துக்குத் தமிழகம் உறுதிசெய்ய வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் அமர்ந்து பேசும் எண்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? அளவுகோலின் முன் குனிந்து நின்று ஒருவர் எழுதும் எண்ணிலிருந்துதான். செவ்வகத் தடுப்பின் மீது வழியும் நீரின் அளவு, நீர்மட்ட உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்றபடி மாறும். 60 சென்டிமீட்டர் உயரத்தை 65 என்று எழுதினால் ஓட்டம் ஏறத்தாழ 13 விழுக்காடு கூடிவிடும். விரல் மூன்று அகலம்கூட இல்லாத பொய், ஒரு பருவத்துக் கணக்கில் ஒரு கிராமத்து நெல்லாகவோ தென்னையாகவோ போய் நிற்கும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு வாய்க்கால் தலைப்பில் மேலதிகாரி ஒருவர் 'கொஞ்சம் கூட்டி எழுதப்பா, நம்ம பக்கம் வறட்சி' என்றார். கெட்ட மனிதர் அல்லர். நம் விவசாயிக்கு நல்லது செய்வதாகவே மனமார நம்பினார். கைக்கூலிக்காகச் சொல்லும் பொய்யை அடையாளம் காண்பது எளிது. ஊர்ப் பற்றுக்காகச் சொல்லும் பொய்யைப் பொய் என்று உணரவே எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அன்று கூட்டித்தான் எழுதினேன். இன்றுவரை அந்த வாய்க்கால் வழியாகப் போகும்போது நினைவு வருகிறது.

செய்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தை மாணவர்களுக்குக் காட்டுங்கள் தம்பி. பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருக்கும். கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, மையால்தான் எழுத வேண்டும். தவறாக எழுதிவிட்டால் பழைய எண் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். தவறு செய்யலாம், ஆனால் தவறு செய்த தடம் மறையக் கூடாது என்பது அந்த விதியின் உட்பொருள். உங்கள் ஆய்வக நோட்டில் பென்சிலும் ரப்பரும் இருக்கும்வரை நீங்கள் என்ன போதித்தும் பயனில்லை.

---

கம்பம் பள்ளத்தாக்கு

ஐயா ஊர்ப் பற்றைச் சொன்னதால் கேட்கிறேன். ஆசிரியர் வகுப்பில் முல்லைப் பெரியாற்றை எப்படிக் கையாள்கிறீர்கள்? நான் குமுளி தாண்டி ஒரு கல்லூரியில் படித்தவன். அந்தப் பேச்சு எழுந்தாலே வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். ஆசிரியர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டுத் திராட்சைக்கும் நெல்லுக்கும் அந்த அணைதான் தண்ணீர். என்னோடு விடுதியில் இருந்த வண்டிப்பெரியார் நண்பனுக்கோ மழைக்காலம் முழுவதும் தூக்கம் வராது. இருவருமே பொய் சொல்லவில்லை.

---

எல்லையோர ஆசிரியர்

நல்ல கேள்வி. தவிர்ப்பதில்லை, ஆனால் பெயரை மறைத்துத் தொடங்குகிறேன். 'கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய, 53.6 மீட்டர் உயரமுள்ள பழைய அணை ஒன்று. பின்னாளில் கம்பி வடங்களால் அடித்தளத்தோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் சுவர் சேர்த்து, மேலே கனமான கான்கிரீட் மூடி இட்டு வலுப்படுத்தியிருக்கிறார்கள். பாதுகாப்பானதா இல்லையா என்று சொல்வதற்கு முன் உங்களுக்கு என்னென்ன அளவுகள் வேண்டும்?' என்று கேட்பேன். கசிவு நீர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அதில் சுண்ணாம்பு கரைந்து வருகிறதா, அடியிலிருந்து மேல்நோக்கிய அழுத்தம் எவ்வளவு, நில அதிர்வுக்கு எந்த மதிப்பை எடுத்தார்கள், பெருவெள்ளக் கணிப்பு எந்த ஆண்டுத் தரவு என்று இரு மொழிப் பிள்ளைகளும் ஒரே தாளில் பட்டியல் எழுதுவார்கள். பிறகு பெயரைச் சொல்வேன். 1895இல் முடிந்த அணை, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன அணை. வகுப்பு சட்டென்று அமைதியாகிவிடும். ஒரு நிமிடம் முன்பு தாங்கள் கேட்ட கேள்விகளை இப்போதும் அதே குரலில் கேட்க முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்வேன். சிலரால் முடிகிறது. சிலர் தாளைத் திரும்ப வாங்கி ஒரு கேள்வியை அடிக்கப் பார்ப்பார்கள். இப்போது பொள்ளாச்சி ஐயா சொன்னபடி, கோடு இழுத்துச் சுருக்கொப்பம் இடச் சொல்லப்போகிறேன்.

2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்றின் கதவு அடித்துச் செல்லப்பட்டபோது, விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. கேரள மண்ணில் இருக்கிற, தமிழகம் பராமரிக்கிற அணை அது. மறுநாள் வகுப்பில் யார் குற்றம் என்ற பேச்சுதான் முதலில் வந்தது. கதவின் எதிரெடைச் சங்கிலியைக் கடைசியாக யார் பார்த்தார், எங்கே எழுதினார் என்று கேட்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஆனால் கேட்டார்கள்.

---

கொச்சிப் பணித்தளம்

கஞ்சிக்கோட்டுச் சகோதரியின் பதிவை மூன்று முறை படித்தேன். நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. சட்டப் பாதுகாப்பு இல்லாமல் தனி ஆளின் துணிச்சலை மட்டும் நம்பி நிற்பது நியாயமில்லை. ஆனால் எங்கள் தளத்துப் புதிய பொறியாளர்கள் மூவருக்கும் தளப் பதிவேட்டில் அன்றன்றைய குறிப்பை எழுதும் பழக்கத்தை இந்த வாரம் தொடங்கிவைத்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் மேல் கோபம் வந்தால் அது முதலில் என் மேல் வரட்டும் என்று என் கையெழுத்தையும் கீழே இடுகிறேன்.

---

கொழிஞ்சாம்பாறை மாணவி

ஆசிரியர் ஐயாவின் வகுப்பில்தான் படிக்கிறேன். 415ஐ எழுதாத குழுவில் நானும் இருந்தேன். எழுதியது நான் இல்லை. ஆனால் சிவப்பு முள்ளை நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. நாங்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதை மட்டும் சொல்ல விரும்பினேன். அந்த வாரம் எங்களுக்கு நான்கு ரெக்கார்டுகளும் இரண்டு தேர்வுகளும் இருந்தன. செல்லாத முடிவுக்கும் மதிப்பெண் உண்டு என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த 4 எப்போதும் 5 ஆகியிருக்காது என்று நம்புகிறேன்.

நேற்று நோட்டில் 515இன் மேல் ஒரு கோடு இழுத்து 415 என்று எழுதி, ஐந்து பேரும் சுருக்கொப்பம் இட்டோம். 'மாதிரி செல்லாது' என்று எழுதிய பிறகு, ஏன் அந்த ஒன்று மட்டும் முன்னதாக உடைந்தது என்ற சந்தேகம் முதல் முறையாக வந்தது. உடைந்த துண்டுகள் இன்னும் ஆய்வகத்தின் பின்புறம்தான் கிடக்கின்றன. போய்ப் பார்த்தோம், ஒரு மூலையில் சல்லிகளுக்கு நடுவே சாந்து இறங்காமல் தேன்கூடு போல ஓட்டைகள் இருந்தன. மூன்றாவது அச்சில் கடைசி அடுக்கை நாங்கள் சரியாகக் குத்தவில்லை போலிருக்கிறது; மணி அடிக்கும் நேரம் அது.

---

எல்லையோர ஆசிரியர்

அந்தத் துண்டை அப்படியே எடுத்து வைத்திரு, அம்மா. திங்கட்கிழமை ஆய்வகத்துக்குக் கொண்டுவா. எல்லாக் குழுவும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கியூப்களை வார்க்கட்டும். மறு வார்ப்புக்கான சிமென்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் ரெக்கார்டில் 415 இருக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.